லிட்டில் ராக்: தேதிவாரியாக

1957 ஆகஸ்ட் வரை

1957ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த கதை என்றால் துப்பாக்கியும் கும்பலுமாக ஒரு படம்தான் நினைவுக்கு வரும். முக்கால்வாசி காரியம் அதற்கு முன்பே காகிதத்தில் முடிந்துவிட்டது. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற 1954 மே 17 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கல்வி அதிகாரி வர்ஜில் பிளாசம் போட்ட திட்டத்தில் கறுப்பினத்தவரைச் சேர்ப்பது முதலில் வெள்ளையர் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் மட்டும்தான். கீழ்வகுப்புகளுக்கு இன்னும் பல ஆண்டு தவணை. இதற்கிடையே கறுப்பின மாணவர்களுக்கு ஹோரஸ் மான் பள்ளி 1956ல் திறந்தது. வசதியான வெள்ளையர் வாழும் மேற்குப் பகுதிக்கு 1957ல் ஹால் பள்ளி. அதில் கறுப்பினத்தவர் ஒருவரும் கிடையாது. சென்ட்ரலில் மிஞ்சியவர்களில் உழைக்கும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். 'எங்களுக்கு மட்டும்தானா?' என்ற அவர்களுடைய ஆத்திரத்தை ஆளுநர் ஃபாபஸ் வாக்காக மாற்றிக்கொண்டார்.

சென்ட்ரலுக்குப் போகும் கறுப்பின மாணவர்களைச் சலித்தெடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. பள்ளி எல்லைக்குள் தகுதியுள்ளவர்கள் நூற்றுக்கணக்கில். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் தாண்டி 17 பேர், கடைசியில் 9. விளையாட்டு, இசைக்குழு, மன்றம் எதிலும் சேரக்கூடாது என்ற நிபந்தனை வேறு.

1957 செப்டம்பர் 4

எல்லோரும் ஓரிடத்தில் கூடிப் போகலாம் என்று கறுப்பின உரிமைத் தலைவர் டெய்சி பேட்ஸ் முந்தைய இரவு ஏற்பாடு செய்தார். ஒன்பது பேரில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டு வீட்டில் தொலைபேசி இல்லை. தகவல் போய்ச் சேரவில்லை. தனியாக வந்தவரை ஃபாபஸ் நிறுத்தியிருந்த மாநிலக் காவல்படை மறித்தது.

செப்டம்பர் 25

20ஆம் தேதி நீதிமன்ற உத்தரவால் காவல்படை விலகியது. 23ஆம் தேதி பக்கவாசல் வழியாக உள்ளே போன ஒன்பது பேரையும், வெளியே கும்பல் பெருகியதால், நண்பகலுக்குள் போலீசே வெளியே கொண்டுபோனது. மறுநாள் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் 10730ஆம் எண் ஆணை. ராணுவத்தின் 101வது வான்வழிப் படைப்பிரிவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். மறித்து நின்ற அதே மாநிலப் படை, சுமார் 10,000 பேர், மத்திய அரசின் கட்டளைக்குள் வந்தது. சாமர்த்தியமான பகுதி அதுதான். 25ஆம் தேதி வீரர்கள் துணையோடு ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள்.

ஆனால் துணைக்கு வந்த வீரர் வகுப்புக் கதவோடு நின்றுவிடுவார். கழிப்பறையிலும் உடை மாற்றும் அறையிலும் அவருக்கு வேலையில்லை. தொல்லை அங்கே குடியேறியது. நவம்பர் முடிவதற்குள் 101வது பிரிவும் கிளம்பியது.

டிசம்பர் 17

பெரியவர் ஒருவர் கண்ணால் பார்த்தால்தான் புகார் எடுபடும். தள்ளுவதும் உதைப்பதும் ஆசிரியர் திரும்பி நிற்கும்போதுதானே நடக்கும்? ஆனால் உணவறையில், ஒன்பது பேரில் ஒருவரான மினிஜீன் பிரவுனின் தட்டிலிருந்த சில்லி (காரமான இறைச்சிக் குழம்பு) இரண்டு வெள்ளை மாணவர்கள் மேல் கொட்டியதைப் பலரும் பார்த்தார்கள். இடைநீக்கம், 1958 பிப்ரவரியில் வெளியேற்றம்.

1958 செப்டம்பர் 27

1958ல் ஃபாபஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். இந்தத் தேதியில் நடந்த வாக்கெடுப்பில் கலப்புக்கு எதிராக 19,470, ஆதரவாக 7,561. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் காலி வகுப்புகளுக்கு வந்து போனார்கள். கால்பந்து ஆட்டங்கள் மட்டும் நிற்கவில்லை! வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தனியார் பள்ளியோ வெளியூரோ கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த ஆண்டு படிப்பே இல்லை.

1959 ஜூனில் மூடல் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. ஆகஸ்ட் 12 பள்ளிகள் திறந்தன. ஒன்பது பேரில் சென்ட்ரலில் படித்துப் பட்டயம் வாங்கியவர்கள் மூவர்: 1958ல் எர்னஸ்ட் கிரீன், 1960ல் கார்லோட்டா வால்ஸ், ஜெஃபர்சன் தாமஸ்.