அறை வரி யாருடைய பணம்?

உலகின் பல நகரங்களில் விடுதி அறையைக் காலி செய்யும்போது கைக்கு வரும் பில்லில், வாடகைக்குக் கீழே சிறிய எழுத்தில், அந்த நகரம் விதிக்கும் அறை வரி என்று ஒரு தொகை இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் தகராறு செய்வதில்லை. நகர நிர்வாகங்களுக்கு இந்த வரி பிடித்துப்போனதற்கு முதற்காரணம் இதுதான்: கட்டுபவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, ஓட்டு உள்ளவர் கட்டுவதில்லை. இப்படி நோகாமல் வந்து சேரும் பணம் என்பதாலேயே, அது எங்கே போகிறது என்று கேட்பதற்கும் ஆளில்லாமல் போய்விடுகிறது.

கேட்பவர்கள் ஒரு தரப்பினர்தான். அவர்கள் விடுதி உரிமையாளர்கள். தங்கள் விருந்தினரிடம் வாங்கிய பணம், மேலும் விருந்தினரை அழைத்து வருவதற்கே செலவாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சட்டமே ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது: அறை வரியிலிருந்து நகரங்கள் செய்யும் செலவு, சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் வளர்ப்பதாக இருக்க வேண்டும். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வரியைக் கட்டுபவர் விருந்தினர். உரிமையாளர் அதை வசூலித்துக் கொடுப்பவர் மட்டுமே. அந்த விருந்தினர் பயன்படுத்துவதும் விடுதியை மட்டுமல்ல, நகரத்தை.

விடுதிகள் வரிசையாக நிற்கும் தெருவின் பின்புறத்தை விடியற்காலையில் பார்த்தால் இது விளங்கும். முன்வாசலில் கண்ணாடிக் கதவு துடைக்கப்படும் நேரத்தில், பின்வாசலில் சமையலறைக் கழிவு சொட்டும் கறுப்புப் பைகள் குப்பை வண்டிக்காகக் காத்திருக்கும். அழுக்கு விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாகச் சலவைக்குப் போகும். வீட்டில் வாரம் ஒருமுறை துவைப்பது இங்கே தினந்தோறும் நடக்கும். அந்தத் தண்ணீரைத் தருவதும், கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிப்பதும், பைகளை அள்ளுவதும், நடைபாதையையும் பொதுக் கழிப்பறையையும் கழுவுவதும் மாநகராட்சியின் வேலை. விடுதிகள் கட்டணம் கட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஆண்டின் மிகக் கூட்டமான சில வாரங்களுக்குத் தாங்கும் அளவில் குழாயும் வண்டியும் ஆளும் வைத்திருக்கும் செலவின் பெரும்பங்கு உள்ளூர்க்காரர் தலையில்தான் விழுகிறது. அறை வரியின் மேல் முதல் உரிமை இந்தச் செலவுக்கே என்பது என் கருத்து.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாத ஊருக்கு அது தேவை. ஏற்கெனவே பிதுங்கும் ஊருக்கு எதற்கு? அறைகள் நிறைந்தால் அது தங்கள் பிரசாரத்தின் வெற்றி என்றும், காலியாக இருந்தால் பிரசாரத்துக்குப் பணம் போதவில்லை என்றும் சொல்லக்கூடிய ஓர் அமைப்புக்கு உச்சவரம்பு இல்லாமல் நிதி கொடுப்பது விவேகமல்ல.

அதைவிட ஆபத்தானது, வரப்போகும் வரியை நம்பிக் கடன் பத்திரம் வெளியிட்டு அரங்கம் கட்டுவது. லாஸ் வேகாஸில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்துக்காக 75 கோடி டாலர் பொதுப்பணம் தர நெவாடா சட்டமன்றம் 2016-இல் ஒப்புக்கொண்டது. அதற்காக அறை வரி 0.88 சதவீதப் புள்ளிகள் வரை உயர்த்தப்பட்டது. அரங்கம் திறந்த 2020-இல்தான் பெருந்தொற்றும் வந்தது. அந்த நகரின் பெரிய விடுதிகளே இழுத்து மூடப்பட்டன. கடன் தவணைக்குக் கையிருப்பைத் தொட வேண்டியதாயிற்று. நகரத்துக்கு வரும் வருமானங்களிலேயே மிக எளிதில் வற்றக்கூடியது இது. அதைப் பல பத்தாண்டுக் கடனுக்கு ஈடாக வைப்பதை எந்த நிதி அலுவலரும் கூசாமல் பரிந்துரைக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த வழிகளும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் 1961 முதல் அறை வரியின் ஒரு பங்கு கலை அமைப்புகளுக்குப் போகிறது. பயணி தேடி வருவது அந்த நகரின் உயிர்ப்பைத்தான் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. பார்சிலோனா சுற்றுலா வரிப் பணத்தைப் பள்ளிகளில் வெப்பம் தணிக்கும் கருவிகளுக்கும் சூரியத் தகடுகளுக்கும் செலவிடுகிறது. பயணிகளின் நெரிசலால் சலித்துப்போன குடும்பத்துக்கு, அந்த நெரிசலால் வந்த பணம் தன் பிள்ளையின் வகுப்பறையைக் குளிர்விக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் பலன். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் வரி அறை வாடகையில் 12.5 சதவீதம், அது நகரின் பொது நிதியில் சேர்கிறது. அதுவும் தவறில்லை, கணக்கு வெளிப்படையாக இருக்கும்வரை.

எந்த வழியானாலும், நல்ல ஆண்டில் வந்ததை அந்த ஆண்டே கரைத்துவிடக் கூடாது. முந்தைய ஐந்தாண்டுச் சராசரி வரைதான் செலவு, மிஞ்சியது கையிருப்புக்கு என்று விதியாகவே எழுதிவிடலாம். மோசமான ஆண்டில் அந்தக் கையிருப்பிலிருந்து முதலில் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் கழிப்பறைப் பராமரிப்பும் போக வேண்டும். விளம்பரத்துக்கான கோரிக்கையை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.