குதிரையேற்றத் தலைக்கவசம் வாங்குமுன்

இங்கிலாந்தில் சர்ரே பக்கம் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குதிரை வெகு விரைவில் அறிமுகமாகிவிடுகிறது. பள்ளிக்குப் போகும் குறுகலான சாலையில் எதிரே இரண்டு குதிரைகள் நடந்து வரும். கார்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நிற்கும். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சனிக்கிழமைதோறும் குதிரையேற்றம் பயிலும். பிறகு நம் வீட்டிலும், நானும் குதிரையேற்றம் பயிலட்டுமா என்ற கேள்வி எழும். ஊட்டியிலோ மெரினாவிலோ ஒருவர் கயிற்றைப் பிடித்து நடக்க, வெறுந்தலையோடு ஒரு சுற்று வந்ததைத் தவிர, குதிரையோடு நம்மில் பலருக்குப் பழக்கம் கிடையாது. ஆகவே எங்கள் மகள் பயிற்சியில் சேர்ந்தபோது, தலைக்கவசத்தைப் பற்றி முறையாகத் தெரிந்துகொண்ட பிறகே கடைக்குப் போவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம்.

சட்டமே இதில் பெற்றோரைப் பொறுப்பாளியாக்குகிறது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை தலைக்கவசம் அணியாமல் சாலையில் குதிரை ஓட்ட அனுமதிப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தலைப்பாகை அணியும் சீக்கியப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் தலைக்கவசத்தை இரவலாகத் தருகின்றன. பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்கும்வரை அது போதும். தொடர்வதென்று ஆனதும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதே நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து அப்பா தொலைபேசியில், "ஏம்மா, இங்கே நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட் கிடைக்குதே, ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் சொன்ன பைக் ஹெல்மெட் சாலை விபத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் எடையும் குதிரை மீது அமர்ந்திருக்கும் பிள்ளையின் கழுத்துக்கு அதிகம். சைக்கிள் ஹெல்மெட்டும் உதவாது. குதிரையிலிருந்து விழுபவரின் தலை தரையில் மட்டுமல்லாமல் வேலிக்கட்டையிலும் மோதலாம், குளம்பிலும் அடிபடலாம், சில வேளை குதிரையே மேலே சாயலாம். அதனால்தான் குதிரையேற்றத் தலைக்கவசங்களுக்கெனத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. கூர்விளிம்பில் மோதினால் என்னாகும், பக்கவாட்டில் நசுங்கினால் எவ்வளவு தாங்கும் என்பதையும் அவற்றில் பார்க்கிறார்கள்.

எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது, நிறத்தையோ வெல்வெட்டையோ அல்ல, உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டை. பிரிட்டனில் பரவலாக ஏற்கப்படும் தரநிலைகளுள் பிஏஎஸ் 015:2011, விஜி1, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1163 ஆகியவை முக்கியமானவை. முதல் இரண்டோடு பிரிட்டிஷ் தரநிலை அமைப்பின் கைட்மார்க் முத்திரையும், அமெரிக்கத் தரநிலையோடு அந்நாட்டுச் சான்றளிப்பு அமைப்பான எஸ்இஐயின் முத்திரையும் இருந்தால், தயாரிப்பாளரைச் சாராத அமைப்பொன்றும் அதைச் சோதித்திருக்கிறது என்று பொருள். பழைய ஈஎன் 1384 மட்டும் அச்சிடப்பட்ட தொப்பி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் 2014ஆம் ஆண்டிலேயே அந்தத் தரநிலைக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணமிருந்தால், சங்கங்களின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

முத்திரை சரியாக இருந்தும் அளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. பயிற்சி பெற்ற விற்பனையாளர் இருக்கும் குதிரைச் சாமான் கடையைத் தேடிப் போனோம். அந்த அம்மாள் அளவு நாடாவால் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்தார். பிறகு மேலிருந்து தலையின் வடிவத்தைப் பார்த்தார். நீள்வட்டத் தலைக்கு வட்டமான தொப்பியைப் போட்டால் முன்னும் பின்னும் அழுத்தும், பக்கங்களில் இடைவெளி விழும். ஒவ்வொரு நிறுவனத் தொப்பியின் உள்வடிவமும் வேறு என்பதால் சுற்றளவை மட்டும் நம்பக்கூடாது. தொப்பியின் தாடை நாடாவைப் பூட்டாமலேயே மகளைக் குனியச் சொன்னார். முதலில் போட்டது நழுவியது, அடுத்தது நின்றது. அதைக் கையால் மெல்ல அசைத்தபோது நெற்றித்தோலும் கூடவே அசைந்தது. தொப்பி மட்டம் சாயாமல், புருவத்துக்கு ஏறத்தாழ இரண்டு விரற்கடை மேலே அமர்ந்திருந்தது.

நம் பிள்ளைகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். அடர்ந்த முடியைத் தூக்கிக் கொண்டை போட்டால் தொப்பி மேலே எழும்பிவிடும். பிடரியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, அதே பின்னலோடு கடைக்கும் போக வேண்டும், பயிற்சிக்கும் போக வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையில் உள்துணி வழுக்கும் என்பதால், வெள்ளி மாலையே தலைக்குக் குளிக்க வைத்துவிடுகிறேன்.

விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், தயங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டு இறுதியில் முதன்முறையாகக் குதிரையேற்றத் தலைக்கவசங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிட்டது. அதில் விலை உயர்ந்தவையே மேல் என்ற நிலை இல்லை. தலை சாய்வாக மோதிச் சுழலும்போது மூளைக்கு ஏற்படும் அதிர்வைக் குறைப்பதற்காகச் சுவீடனில் உருவான மிப்ஸ் என்னும் நழுவு அடுக்கு, இப்போது நடுத்தர விலைத் தொப்பிகளிலும் வருகிறது. கையில் பணம் இருந்தால் வெளி அலங்காரத்துக்குத் தராமல் இதற்குத் தரலாம்.

எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. புதிதாக வந்த நமக்குக் குளிர் கோட்டு, தொட்டில், பள்ளிச் சீருடை எல்லாம் முன்னே வந்தவர்களின் வீட்டிலிருந்துதான் கிடைத்தன. அந்த அன்பில்லாமல் எங்கள் முதல் குளிர்காலத்தைக் கடந்திருக்க மாட்டோம். அப்படித்தான் ஓர் அக்கா தம் மகள் அணிந்த தலைக்கவசத்தைத் துடைத்து, பையில் போட்டுக் கொண்டுவந்தார். தொப்பியின் ஓட்டுக்குள் இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது வெளியே தெரியாமலும் இருக்கலாம். "அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை மட்டும் நான் வாங்க முடியாது" என்று காரணத்தைச் சொன்னேன். அவர் வருந்தவில்லை, மகள் ஒருமுறை அதை அணிந்தபடி விழுந்ததை அவரே நினைவுபடுத்திக்கொண்டார்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் வெப்பத்தில் நுரை கெடும். விழுந்து தலை அடிபட்டால், தொப்பியில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அடிபடாவிட்டாலும் ஏறத்தாழ ஐந்தாண்டில் மாற்றச் சொல்கிறார்கள். சில நிறுவனங்கள் விபத்துக்குப் பின் புதியதைத் தள்ளுபடியில் தருவதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழையதை எறியும்போது, யாரும் எடுத்து அணிய முடியாதபடி அதன் நாடாவை வெட்டிவிட்டு எறியுங்கள்.