பைபாஸ் ஆன வயிறும் தீபாவளிப் பலகாரமும்: டயட் தாளில் இல்லாதவை

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் அவருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது, மினி பைபாஸ்: இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. இன்ஷூரன்ஸ், அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நீர் உணவு, கூழ் உணவு, மென்மையான உணவு என்ற கட்டங்களும் தாளில் போட்டிருந்தபடியே கடந்தன. இடறியது பண்டிகையில்தான். ஆஸ்பத்திரி கொடுத்த டயட் தாளில் அதற்கென்று இருந்தது ஒரே வரி: விசேஷ நாட்களில் அளவோடு சாப்பிடவும். எதை, எவ்வளவு, எதற்கு முன்னால், எதற்குப் பின்னால்? ஒன்றும் கிடையாது. மீதித் தாள் முழுக்க தால் பானி, மூங் சில்லா, ஃபுல்கா என்று வடக்கத்திச் சாப்பாடு. இட்லி, ரசம், சுண்டல் என்ற பேச்சே இல்லை.

நேரில் கேட்டுவிடலாம் என்று தீபாவளிக்கு முந்தின வாரம் டயட்டீஷியனிடம் நேரம் வாங்கிப் போனோம். பேக்கேஜில் சேர்ந்த ஆலோசனைக் காலம் முடிந்துவிட்டது, தனியாகப் பணம் கட்டுங்கள் என்றார்கள் கவுன்டரில். கட்டினோம். உள்ளே இருந்தவர் புதியவர். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பேரியாட்ரிக் சர்ஜரி' என்று மட்டும்தான் இருந்தது. ஸ்லீவா, பைபாஸா, எந்த வகை பைபாஸ் என்று எழுதிய ஆபரேஷன் நோட்டைப் பார்க்காமல் இனிப்பு பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நோட் இருப்பது ரெக்கார்ட்ஸ் பிரிவில், அது அன்றைக்குப் பூட்டியிருந்தது. அந்த அம்மாள் கேட்டது முற்றிலும் நியாயம். பணம் வாங்கும்போதே கவுன்டரில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் ஆற்றாமை. டிஸ்சார்ஜ் அன்றே ஆபரேஷன் நோட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இரண்டு ஆபரேஷனிலும் சர்க்கரை போகிற பாதை வேறு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டாலும், அதன் கீழ்வாசலில் இருக்கும் பைலோரஸ் தசை அப்படியே இருக்கிறது. சாப்பிட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குள் இறங்கும். பைபாஸில் அந்த வாசலே வழியில் வராது. பாயசமோ ஜாங்கிரியோ நேராகச் சிறுகுடலில் போய் விழும். அடர்த்தியான சர்க்கரை உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுக்கும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி. இதற்குத்தான் டம்பிங் என்று பெயர். ஸ்லீவ்காரர்களுக்கும் வரலாம், பைபாஸ்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். பின்தங்கி வருகிற இன்னொரு வகை உண்டு. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். பண்டிகை வீட்டில் யாராவது உடனே ஒரு லட்டைக் கையில் திணிப்பார்கள். அது ஏற்றிவிட்டு மறுபடியும் இறக்கும். குளுக்கோமீட்டரில் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்து, கையோடு ஒரு முட்டையோ பனீரோ சாப்பிட வைக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் அதன் அளவைப் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

என் அனுபவத்தில், பண்டிகையில் ஆளைக் கவிழ்ப்பது மதியச் சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே டீப்பாயில் உட்கார்ந்திருக்கும் தட்டுதான். கறியும் பருப்பும் அந்தச் சின்ன வயிற்றில் நின்று, போதும் என்று சொல்லிவிடும். முறுக்கு, மிக்சர், ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா எல்லாம் எச்சிலில் கரைந்து நழுவி இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. ஒரு வேளைக்கு 120 கிராம் சாப்பிட முடியாதவர், சாயங்காலம் முழுக்கக் கொறித்தால் 100 கிராம் முறுக்கைத் தீர்த்துவிடலாம். அது ஏறத்தாழ 500 கலோரி, புரதமோ சொற்பம். மும்பையில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. நம் வீட்டுப் பலகாரம் போதாதென்று மராத்திக்காரர்கள் ஃபராள் தட்டு அனுப்புவார்கள். சக்லி, கரஞ்சி, சங்கர்பாளி, சிவ்டா, பேசன் லாடு என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் வரும். தட்டை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. வாங்கின கையோடு மூடி போட்ட டப்பாவில் மாற்றி, உயரமான அலமாரிக்கு அனுப்பிவிட வேண்டும். அவருக்கென்று தினம் ஒரு முறுக்கு அல்லது அரைக் கரஞ்சி, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. வெறும் வயிற்றில் கிடையாது, டிவி முன்னால் கிடையாது.

'சுகர் ஃப்ரீ' என்று தங்கத்தாள் ஒட்டி விற்கும் பெட்டிகளை நம்பாதீர்கள். ஒரு இனிப்புக் கடையில் கேட்டபோது, வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை, பேரீச்சையும் அத்திப்பழமும்தான் என்றார்கள். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். மால்டிடால், சார்பிடால் என்ற மாற்று இனிப்புகள் சேர்த்தவை வேறு ரகம்: வாயு, உப்புசம், பேதி. வெல்லம், கருப்பட்டி, தேன் ஒன்றும் செய்யாது என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். இந்த வயிற்றுக்கு அவையும் சர்க்கரைதான். தீபாவளி லேகியமும் அதே கணக்கு: வெல்லமும் நெய்யும் தேனும் சேர்ந்தது, அதுவும் விடியற்காலை வெறும் வயிற்றில். கட்டாயம் வேண்டுமென்றால் சுண்டைக்காய் அளவு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.

நேரம்தான் அடுத்த சிக்கல். தீபாவளி நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. எண்ணெய்க் குளியல், லேகியம், பலகாரத் தட்டு எல்லாம் விடிவதற்குள். முழுச் சாப்பாடு என்று உட்கார மதியம் ஒன்றாகிவிடும். எங்கள் வீட்டில் குளியல் முடிந்ததும் அவருக்குப் போவது 150 மில்லி பாலில் கலந்த ஒரு ஸ்கூப் வே, அதாவது பாலிலிருந்து எடுத்த புரதப் பொடி. மொத்தம் ஏறத்தாழ 25 கிராம் புரதம். நாள் ஒன்றுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும் என்பதால், விடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு முடிந்த நிம்மதி. காபியில்தான் வேண்டுமென்றால், பவுடரை முதலில் கொஞ்சம் ஆறின பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சூடு தணிந்த டிகாக்‌ஷனை அதில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் திரிந்து திப்பி திப்பியாகிவிடும்.

எட்டு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும். ஆட்டுக்கறித் துண்டு இந்த வயிற்றில் நாராக மாட்டிக்கொள்ளும். நெஞ்சில் கல் வைத்த மாதிரி வலித்து, கடைசியில் வாந்தியில் முடியும். அதற்குக் கோலா உருண்டைதான் சரி, ஆனால் பொரிக்காமல். தொடைக்கறியில் கொழுப்பை நீக்கிக் கொத்தின கறி 100 கிராம், பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சோம்புத்தூள், உப்பு. மிக்சியில் இரண்டு சுற்று விட்டு, ஆறு உருண்டை பிடித்து, இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வைத்து, குழம்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும். உருண்டைக்கு 3 முதல் 4 கிராம் புரதம். இரண்டு உருண்டை முதலில், பிறகு அரை இட்லி. இட்லியில் ஆரம்பித்தால் உருண்டைக்கு இடமே இருக்காது. சைவத்துக்கு இதே முறையில் பருப்பு உருண்டைக் குழம்பு. மீன் என்றால் சுர்மை, அதாவது நம் வஞ்சிரம், மெல்லிய துண்டாகக் குழம்பில். வறுத்தால் ஓரம் காய்ந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

இலைச் சாப்பாடு தனிப் போராட்டம். பல வீடுகளில் இலையில் முதலில் விழுவது பாயசம். இவருக்கு அது கடைசி, அல்லது இல்லவே இல்லை. பரிமாறுகிறவரிடம் உட்காரும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இலை போட்டபிறகு சொன்னால் காதில் விழாது. இன்னொன்று, நம் சாப்பாடே நீர் சேர்ந்தது. சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் திரவம். திடத்தோடு திரவம் சேர்ந்தால் எல்லாம் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அதனால் பருப்பு, கூட்டு, பனீர் அல்லது முட்டை முதலில், பொரியல் அடுத்து, கெட்டியாகப் பிசைந்த சாதம் இரண்டு ஸ்பூன் கடைசியில். ரசமும் மோரும் சாப்பிட்டு அரை மணி கழித்து, டம்ளரில், மடக்கு மடக்காக. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பந்தியில் அடுத்தவர் இலையை மடித்துவிட்டார் என்று அவசரப்படவே கூடாது.

பாயசம் இல்லாமல் பண்டிகையா என்பவர்களுக்கு, எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட ஒன்று: 150 மில்லி டோன்டு பாலைக் கொதிக்க வைத்து, துருவிய பனீர் 50 கிராம் போட்டு மூன்று நிமிடம் கிளறி, ஏலக்காய், குங்குமப்பூ சேர்த்து இறக்கி, கடைசியில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் இனிப்பு மாத்திரை. இரண்டு பேருக்கு வரும், ஆளுக்கு 7 கிராம் புரதம். பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டாம். அதிலிருக்கும் லாக்டோஸும், அதாவது பால் சர்க்கரையும், அடர்த்தியாகி, பைபாஸ் வயிற்றில் சிலருக்கு உப்புசம் தரும்.

நவராத்திரிதான் இவர்களுக்கு ஏற்ற பண்டிகை. தினமும் சுண்டல்! அரைக் கப் வெந்த கொண்டைக்கடலையில் 7 கிராம் புரதம். ஆனால் ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மூன்று மாதத்தில் கடலைத் தோல் மாட்டிக்கொள்ளும். பாசிப்பருப்பு, தோல் நீக்கிய பயறு போதும். பிறகு கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேகவிடுங்கள். கறுப்புக் கடலை இன்னும் தாமதமாகத்தான். கொலுவுக்கு மாட்டுங்கா, செம்பூர் என்று ஒரே சாயங்காலத்தில் பல வீடு ஏறினால் எங்கும் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சீட்டில் தெளிவாகக் கால்சியம் சிட்ரேட் என்று இருக்க, மருந்துக்கடையில் கார்பனேட்டை எடுத்துக்கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றில்லை. கார்பனேட் சேர வயிற்று அமிலம் வேண்டும், இவர்களுக்கு அது குறைவு. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். கால்சியமும் இரும்பும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில். இரும்பு மாத்திரையோடு காபி, டீ வேண்டாம். பண்டிகைக் காலையில் நேரம் எல்லாம் முன்னுக்கு வந்துவிடுவதால் போனில் அலாரம் வைத்துவிடுவது உத்தமம். தலைவலிக்கு வீட்டில் கிடக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் தொடக்கூடாது, பைபாஸ் இணைப்பில் புண் வரும். பாராசிட்டமால் போதும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டவே வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்து ஈடுகட்ட இந்த வயிற்றால் முடியாது.

விடாத வாந்தி, ஒரு நாளாகத் தண்ணீரே தங்கவில்லை, கடும் வயிற்று வலி, கறுத்த மலம், நெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே குத்தல் என்றால், விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் காஷுவாலிட்டிக்குப் போய்விட வேண்டும். கடைசியாகச் சொன்னது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாகக் குறையும்போது அது வரும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று மட்டும் போகாதீர்கள். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்குத் தயமின், அதாவது பி1, குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கும். பைபாஸ் ஆனவர், பல நாளாக வாந்தி என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு இன்னும் தேதி குறிக்காதவர்கள் சர்ஜனிடம் நாட்காட்டியோடு உட்காருங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8. வழக்கமான உணவுக்கு வர எட்டு வாரம் ஆகும் என்பதால், அக்டோபரில் செய்துகொண்டால் தீபாவளி நீர் உணவிலோ கூழ் உணவிலோ மென்மையான உணவிலோதான் போகும். உடல்நிலை இடம் கொடுத்தால் செப்டம்பர் தொடக்கம், இல்லையென்றால் பண்டிகை முடிந்தபிறகு.

பொங்கலுக்கு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் பொட்டுக்கடலை மாவு, வே பவுடரை ஒரு வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். முதல் வேளைக்கு அவித்த முட்டை. பேன்ட்ரி வடையும் பிரெட்டும் வேண்டாம்; பிரெட் உள்ளே பிசின் மாதிரி உருண்டுகொள்ளும். ஊரில் வெண்பொங்கல் வைக்கும்போது அரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு இரண்டு பங்கு, நெய் ஒரு டீஸ்பூன், மிளகைப் பொடித்துப் போடச் சொல்லுங்கள். 25 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு வைத்து 300 கிராம் பொங்கல் வந்தால், 100 கிராமில் 4 முதல் 5 கிராம் புரதம்தான் இருக்கும். ஆகவே பக்கத்தில் ஒரு முட்டையோ பனீரோ கட்டாயம், அதுவும் பொங்கலுக்கு முன்னால்.