ரேமை முடுக்கப் போய் கல்யாணப் படங்களைக் கெடுத்துக்கொண்டேன்

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் பதினொன்று கெட்டுப்போயின. மேல்பாதி நன்றாக இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கணினிக்கு மாற்றிய கையோடு கேமரா கார்டையும் அழித்திருந்தேன். டிஸ்க்கில் கோளாறு இல்லை. நான் கை வைத்த ரேம்தான் காரணம்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 ப்ராசஸர், 16 ஜிபி ரேம் இரண்டு. டிடிஆர்4 வகை, வேகம் 3600, சிஎல்18 (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் சிஎல்). வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 என்று இருப்பதைக் கவனித்தேன். பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாதவரை அப்படித்தான் ஓடும். போட்டேன். திரை கறுப்பு. தானாக மூன்று முறை அணைந்து எரிந்து, மறுபடி 2133க்கே வந்து நின்றது.

ஒரு நாள் விடுப்பு போட்டு, கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வாங்கின கடைக்கே போனேன். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக்கூடக் கழற்றவில்லை. "இந்த போர்டுல 3600 ஏறாது சார், வேற செட் வாங்கிக்குங்க" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து போர்டின் கையேட்டைப் பிரித்தால், இரண்டு ரேம் மட்டும் என்றால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில் போடு என்று படம் போட்டே காட்டியிருக்கிறது. கடையில் 1, 3இல் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிச் செருகினேன். முதல் முயற்சியிலேயே 3600.

அப்புறம் டைமிங், அதாவது ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் துடிப்புக் கணக்கு. 3600இல் சிஎல்18 என்றால் 10 நானோ விநாடி, சிஎல்16 என்றால் கிட்டத்தட்ட 8.9. சிஎல்16 சிக்கலில்லாமல் வந்தது. வேகத்தை 3800க்கு ஏற்ற, ஃபேப்ரிக் (ப்ராசஸருக்குள் இருக்கும் இணைப்புப் பாதை) 1900இல் ஓட வேண்டும். என் ப்ராசஸர் அதற்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.

சறுக்கியது டிஆர்எஃப்சியில். ரேம் தன் மின்னூட்டத்தைப் புதுப்பித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது. 630இலிருந்து 480க்கு இறக்கினேன். இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடியது, நாலு சுற்றிலும் ஒரு பிழை இல்லை. நம்பிவிட்டேன். ஆனால் ரேம் சூடானால் மின்னூட்டம் வேகமாகக் கசியும். படங்களை மாற்றியது மே மாத மதியம், பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டு வீடியோ வேலையில் கொதித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. பிறகு அதே மதியச் சூட்டில், ஒரு கேமை அரை மணி ஓட்டிவிட்டு டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு ரேம் சோதனையைப் போட்டேன். ஆறாவது நிமிடத்தில் பிழை.

நீங்கள் செய்வதானால் தயவுசெய்து முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், மாற்றும் முன் பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையைச் சூடான நேரத்திலும் ஓட்டுங்கள். விண்டோஸ் திறப்பதும் கேம் ஓடுவதும் சோதனை ஆகாது.

இப்போது சிஎல்16, டிஆர்எஃப்சி 560, மின்னழுத்தம் 1.35 வோல்ட். மூன்று மதியம் சோதித்தேன், பிழை இல்லை. 90 நானோ விநாடியை ஒட்டி இருந்த லேட்டன்சி (ரேமிலிருந்து தரவு வந்துசேரும் தாமதம்) 67க்கு வந்திருக்கிறது. கேமில் அவ்வப்போது வந்த திணறல் போய்விட்டது. வீடியோ ஏற்றுமதியில் பெரிய மாற்றமில்லை.

பதினொன்றில் ஏழு படங்கள் தம்பியின் போனில் கிடைத்தன. மாலை மாற்றும் படம் அதில் இருக்கிறது.