ஐயனார் கோயில் முக்கிலிருந்து மதுரை வரை

எங்கள் ஊர் கல்லல் பக்கம். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் இல்லை. காரைக்குடி அரை மணி நேரம். மதுரைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும்.

சித்தப்பா மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே பண்ணைக் குடும்பங்கள் வருடச் சந்தா கட்டி ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்வார்களாம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது செல்லும். ஆனால் சந்தா வாங்கிய கம்பெனியின் ஹெலிகாப்டரே வந்தால்தான் அந்தச் சலுகை. "பெரியப்பாவுக்கு அங்க இப்படி ஏதாவது இருக்கா, பாருண்ணே" என்றான். விசாரித்தேன். மதுரை விமான நிலையத்திலிருந்து வேறு நகரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோக விமானம் பிடிக்கலாம், லட்சக்கணக்கில் ஆகும். வரப்பில் விழுந்தவரைத் தூக்கிப்போக நம் பக்கம் வானத்திலிருந்து எதுவும் வராது. சரி, நமக்கு 108-ம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார். இவ்வளவுதான் கேட்டார்கள். சான்றுக்கு மூன்று நடை நடந்தேன். பிறகு அப்பா, அம்மா, அப்பத்தா எல்லோரையும் கூட்டிக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் போனோம்.

அங்கே அப்பாவின் கைரேகை பதியவே இல்லை. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த கட்டைவிரல், ரேகை இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தார், மறுபடி வைத்தார், ஒன்றும் இல்லை. கருவியோடு இருந்த பெண் பொறுமைசாலி. "ஐயா, விரலைத் தலைமுடியில நல்லாத் தேய்ச்சிட்டு வைங்க" என்றது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, இடது மோதிர விரலில் எடுத்தது. அப்பா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்து, களையெடுப்பு நாளன்று காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. இடது தோள் வலிக்கிறது என்றார். அம்மா வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணிக்கு ஓடினார். நான் 108-க்கு அடித்தேன். வயலுக்கு ஏது கதவு எண்? கண்மாய் மடைக்கு முந்தின ஐயனார் கோயில் முக்கு என்று சொல்லி, தங்கச்சி மகனை மோட்டார் சைக்கிளில் அங்கே நிற்க வைத்தேன். அவன் நின்றிராவிட்டால் வண்டி ஊருக்குள் போய்ச் சுற்றியிருக்கும்.

காரைக்குடி அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்ததுமே மாரடைப்பு என்றார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. மறுநாள், இதயக் குழாயில் எங்கே அடைப்பு என்று காட்டும் ஆஞ்சியோ பார்க்க மதுரைக்கு அனுப்பினார்கள். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம்.

எனக்கு உடம்பு நடுங்கியது அங்கேதான். "முதல்ல ஐம்பதாயிரம் கட்டுங்க, அட்டையை அப்புறம் பார்க்கலாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அட்டையைக் காட்டியும் கேட்கவில்லை. அங்கேயே நின்று காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் அதே ஆஸ்பத்திரியில் காப்பீட்டைப் பார்க்கும் தம்பி வந்து அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு அனுமதிக்கு அனுப்பினார். பணம் கட்டச் சொல்வதற்கு முன் அவரை அழைத்திருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கையில் பணம் உள்ளவர் பயந்து கட்டிவிடுவார். இல்லாதவர் நகையை அடகு வைக்க ஓடுவார். அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. நோயாளியை உள்ளே சேர்க்கும்போதே காப்பீட்டு ஆள் எங்கே என்று கேளுங்கள்.

அனுமதி வந்து, மறுநாள் அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். சாப்பாடு, துணைக்கு இருந்தவர்கள் போய்வந்த செலவு மட்டும் எங்களுடையது.

அப்பா இப்போது வயலுக்குப் போகிறார், மண்வெட்டி மட்டும் என் கையில். போன வாரம் பக்கத்து வீட்டு மாமாவைச் சிவகங்கைக்கு அழைத்துப் போனேன். அவருக்கும் கட்டைவிரல் பதியவில்லை. மோதிர விரலை வைக்கச் சொன்னேன்.