886 புகார்கள் மட்டும்தானா?
சமூக ஊடக நிறுவனம் எதுவும் 'சட்டப்படி நடக்கிறோம்' என்று அறிக்கை விட்டால், நான் முதலில் தேடுவது புகார்ப் படிவம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஜெர்மனியில் ஃபேஸ்புக் சிக்கிய விவகாரத்தைப் படித்ததிலிருந்து வந்த பழக்கம் இது.

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் அங்கே 2018 ஜனவரியில் முழுமையாக அமலுக்கு வந்தது. அப்பட்டமாகச் சட்டத்தை மீறும் பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டியிருந்தது. முதல் அறிக்கையில் யூடியூப், ட்விட்டர் இரண்டும் ஆளுக்கு 2 லட்சத்துக்கு மேல் புகார்களைக் காட்டின. ஃபேஸ்புக் காட்டியது 886!

சரி, மற்ற புகார்களெல்லாம் எங்கே போயின? பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்திச் செய்த புகார், நிறுவனத்தின் சொந்த விதிகளை மீறியதாக வந்த புகார்களின் கணக்கில் சேர்ந்துவிட்டது. சட்டப்படியான படிவம் தனி. தேடிப் போனால்தான் கிடைத்தது. ஜெர்மன் நீதித்துறை அலுவலகம் இதைக் கவனித்து, அறிக்கை முழுமையாக இல்லை என்று 2019 ஜூலையில் 20 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மிரட்டலைப் பார்த்துக் கை நடுங்க அந்த மூன்று புள்ளிகளை அழுத்தியவர்கள் அந்த 886-இல் இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.