கறுப்புக் கட்டைகள்: கொழும்பு வெள்ளவத்தை நாட்குறிப்பு

ஜூன் 3

இரவு முழுக்க மழை. விடிய வந்து பார்த்தால், என் பியானோவின் நடு எஃப் கட்டை அமுக்கினது அமுக்கினபடியே கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம் மட்டும்தான். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரமும் உள்ளிருக்கும் ஃபெல்ட் துணியும் ஊதும். பியானோவுக்குச் சுருதி சேர்த்துத் திருத்துகிற ரியூனர் வர ஒரு கிழமை செல்லுமாம்.

ஜூன் 4

என்னிடம் கிரேட் 5 பியானோச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை வந்தாள். சோதனைப் பாட்டு மூன்றைத் தவிர வேறெதையும் தொடாதவள்.

"எஃப் இல்லாம எப்பிடி மிஸ்?"

"வெள்ளையே வேண்டாம். இண்டைக்குக் கறுப்பு மட்டும்."

எஃப் ஷார்ப்பை ஸ என்று வைத்தால் அந்த ஐந்து கறுப்புக் கட்டையும் மோகன ராகம். இடது கையில் ஸ-வையும் ப-வையும் பிடித்துக்கொண்டு வலது கையை அலைய விடு என்றேன். பாவம், எதிரே தாளைத் தேடினாள். பயந்து பயந்து நாலு ஸ்வரம், பிறகு எட்டு. அதே ஐந்து கட்டையில் ஸ-வை மட்டும் நகர்த்தினோம், ராகம் மாறியது: ஜி ஷார்ப்பில் மத்தியமாவதி, சி ஷார்ப்பில் சுத்த சாவேரி, டி ஷார்ப்பில் சுத்த தன்யாசி. ஏ ஷார்ப்புக்கு வந்ததும், படியில் காத்திருந்த அவளின் அம்மப்பா எட்டிப் பார்த்தார்: "இந்தோளமெல்லோ வாசிக்கிறாள்!"

தாய்க்குச் சோதனைத் திகதிதான் கவலை. நியாயந்தான், காசு கட்டியாச்சு.

ஜூன் 7

மிருதங்கக்காரத் தம்பியோடு ஒத்திகை. ஸ்வரத்தை ஆட்டிக் குழைக்கிற கமகம்தான் என் தீராத தொல்லை. இந்தோளத்தின் காந்தாரத்தை, அந்த க ஸ்வரத்தை, வயலினில் ஆட்டலாம். பியானோவில் அது அடித்த இடத்திலேயே நிற்கும். பக்கத்துக் கட்டையை உரசி ஏமாற்றிப் பார்க்கிறேன். சில நாள் இனிக்கும், சில நாள் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி.

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயர் 15 வருடம் வயலின் படித்தவர். பியானோ பெரும்பாலும் தானாகப் பழகியது. இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். 2011-இல் பிரசன்னாவின் கிதாரோடும் நிதின் மித்தாவின் தபலாவோடும் அவர் வெளியிட்ட இசைத்தட்டைத் திரும்பக் கேட்டேன். குழைவைக் கிதாரிடம் விட்டுவிட்டுப் பியானோ தாளத்தோடு மல்லுக்கட்டுகிறது என்றே என் காதுக்குப் படுகிறது. நான் ஏன் எல்லாவற்றையும் ஒரே கையில் கேட்கிறேன்?

ஒத்திகையில், முடிக்கிற தாளக்கோர்வையான தீர்மானத்தில், அரை அட்சரம் முந்திவிட்டேன். "எண்ணுறியள் அக்கா, கேக்கிறியள் இல்லை" என்றான் தம்பி. கோபம் வந்தது. உண்மை என்பதால் கொஞ்சம் கூடவே.

ஜூன் 11

ரியூனர் வந்தார். கட்டையைக் கழற்றி, ஊதின ஃபெல்ட்டை இடுக்கியால் நெரித்துப் பத்து நிமிடத்தில் முடித்தார். ஈரம் காய, பியானோவுக்குள் சின்ன பல்ப் ஒன்றை எரிய விடச் சொன்னார். பழைய இழை பல்ப்தான் வேண்டும், எல்.ஈ.டி. சூடாகாதாம். காலி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன், இல்லை. நாளைக்குப் புறக்கோட்டைக் கடைகள்.